கிண்ணத்தில் எத்தனை மில்லிகிராம்? காரைக்குடியில் ஓர் ஒவ்வாமைச் சோதனைச் சேவை

பேத்தியின் முன் வைக்கப்பட்ட ஒவ்வொரு கிண்ணத்தோடும் ஒரு சிறு சீட்டு வந்தது. அதில் கிண்ணத்தின் எண், கூழின் எடை, கலந்த நேரம், கலந்தவரின் கையொப்பம் ஆகியவை மட்டும் இருந்தன. அந்தக் கூழில் நிலக்கடலைப் புரதம் எத்தனை மில்லிகிராம் என்பதைச் சொல்லும் இன்னொரு சீட்டு, உறையிலிட்டு ஒட்டப்பட்டு, இரண்டு நாள் சோதனையும் முடிந்த பின்னர் எங்கள் கண்ணெதிரே பிரிக்கப்பட்டது. காரைக்குடியில் மாதம் இருமுறை நடைபெறும் இந்த உணவு ஒவ்வாமைச் சோதனைச் சேவையைப் பற்றி எழுத வேண்டும் என்று என்னை உந்தியது அந்த இரண்டாவது சீட்டுதான். உணவைக் கொடுத்து நோயைக் கண்டறியும் சோதனையில், கொடுத்த உணவுக்குள் என்ன இருந்தது என்பதையும் அளந்து எழுதிக் கொடுத்த இடத்தை நான் முதன்முறையாகப் பார்த்தேன்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிகளில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். என் மகள் வயிற்றுப் பேத்திக்கு இப்போது ஆறு வயது. மூன்று வயதில் கடலை மிட்டாயில் ஒரு துண்டைக் கடித்த பத்து நிமிடத்துக்குள் அவளுடைய உதடு வீங்கி, உடம்பெங்கும் தடிப்பு எழும்பி, வாந்தியும் எடுத்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குள் கடலை வரவில்லை. யார் எதைக் கொடுத்தாலும், "ஆயா, இதுல கடலை இருக்கா?" என்று கேட்ட பிறகே வாயில் வைக்கும் பழக்கம் அந்தக் குழந்தைக்கு வந்துவிட்டது. பலகாரம் இல்லாமல் எந்த விசேஷமும் நடக்காத இந்தச் செட்டிநாட்டில் ஒரு குழந்தை அப்படிக் கேட்டுக் கேட்டு வளர்வதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. அதனால்தான் ஒவ்வாமை இன்னும் இருக்கிறதா, நீங்கிவிட்டதா என்பதை முறையாகத் தெரிந்துகொள்ள விரும்பினோம்.

முதல் முயற்சி வேறோர் ஊரில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு மருத்துவமனையில் நடந்தது. அங்கே தோல் சோதனையும் இரத்தச் சோதனையும் ஒவ்வாமை இருப்பதற்கான அறிகுறியைக் காட்டின. ஆயினும் அவை இரண்டும் உடம்பு அந்த உணவை எதிர்க்க ஆயத்தமாக இருப்பதை மட்டுமே காட்டும், தின்றால் நோய் வருமா என்பதை உண்டு பார்த்தால்தான் உறுதி செய்ய முடியும் என்று சொன்னார்கள். அது முற்றிலும் சரியான கூற்று. பின்பு அன்று காலை கடைத்தெருவில் வாங்கிய அவித்த கடலையை மசித்து, முதலில் கால் ஸ்பூன், அடுத்து அரை ஸ்பூன் என்று கூட்டிக்கொண்டே போய், ஒரு பிடிக் கடலை அளவுக்குக் கொடுத்தார்கள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வாமை நீங்கிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து, தேவகோட்டையில் உறவினர் வீட்டு அறுபதாம் கல்யாணத்தில் இட்லியோடு வறுத்த நிலக்கடலை அரைத்த சட்னியை இரண்டு வாய் தின்றவள், கால் மணி நேரத்தில் மூச்சிரைக்கத் தொடங்கினாள். பக்கத்திலிருந்த மருத்துவர் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டதால் பிழைத்தாள். என் மகள் அன்றிரவு முழுவதும் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லேன்னுதானே எழுதியிருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவித்த கடலையும் வறுத்த கடலையும் சமையலறையில் ஒரே பண்டத்தின் இரு வடிவங்கள். ஒவ்வாமையைப் பொறுத்தவரை அவை இரண்டும் ஒன்றல்ல. வேகவைக்கும்போது கடலையின் புரதங்களில் ஒரு பகுதி கொதிநீரில் கரைந்து வெளியேறிவிடுகிறது. நாம் நீரை வடித்துக் கொட்டுகிறோம், அதோடு புரதமும் போகிறது. வறுக்கும்போதோ புரதம் வெளியேற வழியில்லை. அதற்கு மேல், அதிக சூட்டில் புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து, ஒவ்வாமைக்குக் காரணமான ஐஜிஇ எதிர்ப்பொருள் இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும் வகையில் புரதத்தின் வடிவமும் மாறுகிறது. வறுத்த கடலையின் புரதத்தை ஐஜிஇ கூடுதலாகப் பற்றிக்கொள்கிறது என்பதை 2000, 2001 ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளே காட்டிவிட்டன. சமைத்தல் ஒவ்வாமையை மாற்றும் என்பது அதைவிடவும் பழைய செய்தி. 1921-இல் பிராஸ்னிட்ஸ், குஸ்ட்னர் என்னும் இரு ஜெர்மானிய மருத்துவர்கள், ஒவ்வாமைக்கான காரணி இரத்தத்தில் இருக்கிறது என்பதைத் தங்கள் உடம்பிலேயே சோதித்து நிறுவினார்கள். மீன் ஒவ்வாமை இருந்த குஸ்ட்னருக்குச் சமைத்த மீன்தான் ஆகாது. பச்சை மீன் தீங்கு செய்யவில்லை. எனவே ஒரு பிடிக் கடலை கொடுத்தோம் என்னும் கூற்றில், எந்தக் கடலை, எப்படிப் பக்குவம் செய்தது, அதில் எத்தனை புரதம் எஞ்சியிருந்தது என்பவை இல்லையென்றால், அந்தக் கூற்றை வைத்துக்கொண்டு ஒரு குழந்தையின் சாப்பாட்டை முடிவு செய்ய இயலாது.

காரைக்குடிச் சேவையின் மருத்துவர் இதைத்தான் முதல் நாளே எங்களிடம் பேசினார். தோல் குத்துச் சோதனைக்குப் பயன்படும் சாற்றுப் புட்டிகளைப் பற்றியும் அவரே சொன்னார். அந்தப் புட்டியின் மேல் ஒன்றுக்குப் பத்து அல்லது ஒன்றுக்கு இருபது என்று ஒரு விகிதம் அச்சிட்டிருக்கும். எவ்வளவு உணவை எவ்வளவு திரவத்தில் ஊறவைத்தார்கள் என்பதே அதன் பொருள்; ஒவ்வாமையூக்கியான புரதம் எவ்வளவு சாற்றில் இறங்கியது என்பதை அது சொல்வதில்லை. இரண்டு கரண்டி காப்பித்தூள் போட்டேன் என்பதால் டிகாஷன் திக்காக இறங்கியது என்று ஆகிவிடாது என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். உணவு ஒவ்வாமைக்கான சாறுகள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர், தொகுதிக்குத் தொகுதி வேறுபடுகின்றன. அதனால் இங்கே புட்டிச் சாற்றோடு நிறுத்தாமல், சோதனைக்குப் பயன்படப் போகும் அதே நிலக்கடலை மாவைக் கொண்டும் தோலில் குத்திப் பார்த்தார்கள். எந்த மாவை உண்ணக் கொடுக்கிறோமோ அதே மாவு எல்லாச் சோதனைகளிலும் இடம்பெற வேண்டும் என்னும் இந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மாவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இவர்கள் பயன்படுத்துவது இளவறுவலாக வறுத்து, எண்ணெயின் பெரும்பகுதியைப் பிழிந்தெடுத்த நிலக்கடலை மாவு. செக்கில் எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் புண்ணாக்கின் உறவுதான், ஆனால் மனிதர் உண்ணும் தரத்தில் செய்தது. சாதாரணக் கடலையில் ஏறத்தாழ பாதி கொழுப்பு, கால் பங்கு புரதம். எண்ணெய் நீக்கிய மாவில் கொழுப்பு 12 சதவீதம் அளவுக்குக் குறைந்து, புரதம் 50 சதவீதம் அளவுக்கு உயர்கிறது. கொழுப்பைக் குறைப்பது, கடலை இருப்பது தெரியாதபடி கூழில் மறைத்துக் கலப்பதற்கு வசதி என்பதற்காக மட்டுமன்று. கொழுப்பு மிகுந்த உணவுக்குள் கடலையைக் கலந்து கொடுத்தால் வாயரிப்பு போன்ற தொடக்க அறிகுறிகள் தோன்றாமல் போய், குழந்தை அடுத்தடுத்த பெரிய அளவுகளையும் விழுங்கிய பிறகு ஒரேயடியாகக் கடுமையான எதிர்வினை வரக்கூடும் என்பது 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் தெரியவந்தது. முதல் மருத்துவமனையில் இதையெல்லாம் யாரும் யோசித்ததாகவே தெரியவில்லை.

வந்திறங்கும் ஒவ்வொரு மூட்டை மாவிலிருந்தும் மாதிரி எடுத்து, சென்னையிலுள்ள ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பிப் புரதத்தை அளக்கிறார்கள். அளக்கும் முறை 1883-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் உருவாக்கியது. மாவை அமிலத்தில் செரிக்கவைத்து, அதிலுள்ள நைட்ரஜனைக் கணக்கிட்டு, ஒரு காரணியால் பெருக்கிப் புரதத்தை அறிவது. பள்ளி மாணவர்களுக்கு நான் பலமுறை கரும்பலகையில் எழுதிக் காட்டிய முறை என் பேத்தியின் கோப்புக்குள் இருந்ததைக் கண்டபோது நெஞ்சு நெகிழ்ந்தது. ஆய்வறிக்கையில் 50 சதவீதம் என்றிருந்தது. எந்தக் காரணியால் பெருக்கினார்கள் என்று கேட்டேன். பொதுவான காரணி 6.25, நிலக்கடலைக்கென உரிய காரணி 5.46. முன்னதால் 50 சதவீதம் என்று வரும் மாவு, பின்னதால் 44 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவாக வரும். உணவியலாளர் உடனே ஆய்வகத்துக்குப் பேசி, 5.46-தான் என்று எழுத்தில் வாங்கிக் கொடுத்தார். இந்த வேறுபாடு ஒரு குழந்தையின் உயிரைத் தீர்மானிக்கும் அளவுக்குப் பெரிதன்று. ஒவ்வொரு கிண்ணமும் முந்தையதைப் போல் மூன்று மடங்கோ அதற்குச் சற்று மேலோ கூடிக்கொண்டே போகும் சோதனையில் எட்டில் ஒரு பங்கு வேறுபாடு சிறியதே. எனினும் காரணி எது என்பதை அறிக்கையிலேயே அச்சிட்டுவிட்டால், நாளைக்கு வேறோர் ஊரில் இந்தத் தாளைப் படிக்கும் மருத்துவர் தடுமாற மாட்டார்.

கொடுக்கும் அளவுகள் அவர்களாக வகுத்தவை அல்ல. அமெரிக்க, ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் அமைப்புகள் இணைந்து 2012-இல் வெளியிட்ட பிராக்டால் அறிக்கையின்படி, 3, 10, 30, 100, 300, 1,000, 3,000 மில்லிகிராம் புரதம் என ஏழு படிகள். மொத்தம் 4,443 மில்லிகிராம். தொடக்கம் ஏன் இவ்வளவு சிறியது என்று என் மருமகன் கேட்டார். நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களில் ஏறத்தாழ 5 சதவீதத்தினருக்கு 2 மில்லிகிராம் புரதத்திலேயே அறிகுறி தோன்றலாம் என்பது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் உலகச் சுகாதார அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு ஏற்ற கணக்கு. அதை நினைத்தால் 3 மில்லிகிராம் சிறிதாகத் தோன்றாது. ஆனால் 3 மில்லிகிராம் புரதம் என்பது 6 மில்லிகிராம் மாவு. ஊசிமுனையில் ஒட்டும் அளவு. இதை எடுத்து நேரடியாகக் கூழில் போட்டால், அது கரண்டியில் ஒட்டியதா கூழில் சேர்ந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

அதற்கு இவர்கள் செய்த ஏற்பாட்டை நேரில் பார்க்க அனுமதித்தார்கள். ஒரு கிராம் கடலை மாவை ஒரு கிராம் பச்சரிசி மாவோடு கலந்து, அந்த இரண்டு கிராமை மேலும் இரண்டு கிராமோடு கலந்து, பிறகு நான்கோடு நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போய் நூறு கிராம் கலவையாக்கினார்கள். ஒரு சிட்டிகை மஞ்சள்பொடியை ஒரே தடவையில் ஒரு படி மாவில் கொட்டிக் கிளறினால் எங்கே திட்டு விழும் என்று சமையல் தெரிந்த எவருக்கும் தெரியும். இரட்டித்துக் கலப்பது அந்தத் திட்டு விழாமலிருக்கத்தான். அந்தக் கலவையில் 600 மில்லிகிராம் எடுத்தால் அதற்குள் 3 மில்லிகிராம் புரதம். 2 கிராம் எடுத்தால் 10. 6 கிராம் எடுத்தால் 30. அதற்கு மேற்பட்ட படிகளுக்கு மாவை நேரடியாகவே நிறுத்தார்கள். கலவையின் மேல், நடு, அடி என மூன்று இடங்களிலிருந்து மாதிரி எடுத்து அனுப்பியதில், மூன்றும் எதிர்பார்த்த அளவிலிருந்து பத்து சதவீதத்துக்குள் வந்திருந்தன. ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் தராசைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு நிறுக்கிறார்கள். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953 முதல் இயங்கிவரும் ஊரில் இப்படி நிறுப்பது புதுமையன்று. குழந்தைகளுக்கான மருத்துவ அறையில் அதைப் பார்த்ததுதான் எனக்குப் புதிது.

மறைக்கும் கூழுக்குக் கவுனி அரிசியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதன் கருநிறம் கடலை மாவின் நிறத்தை முழுமையாக மூடிவிடுகிறது. கருப்பட்டியின் மணம் வறுத்த கடலையின் மணத்தை அமுக்கிவிடுகிறது. வீட்டில் கவுனி அரிசிக்கு நெய்யும் தேங்காயும் சேர்ப்போம். இங்கே கொழுப்புக்காக அவை இரண்டையும் தவிர்த்துவிடுகிறார்கள். கூழ் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே கடலை மாவைச் சேர்க்கிறார்கள். புரதம் மறுபடி வெந்துவிடக் கூடாது என்பதற்காக. இரண்டு நாள்களில் ஒரு நாளைக்குக் கடலை உள்ள கூழ், மற்றொரு நாளைக்குக் கடலை இல்லாத கூழ். எந்த நாள் எது என்பது கலந்தவருக்கு மட்டுமே தெரியும். மருத்துவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. இரண்டையும் எங்களுக்குச் சுவைக்கக் கொடுத்தபோது, நானும் என் மகளும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் தோற்றுப்போனோம்.

இந்தச் சேவையின்மீது எனக்கு நம்பிக்கை ஏற்படக் காரணம், அவர்கள் மறைக்காமல் சொன்ன ஒரு தவறு. சேவையைத் தொடங்கிய புதிதில் கவுனி அரிசியை ஊரிலுள்ள மாவு மில்லில் கொடுத்து அரைத்திருக்கிறார்கள். கடலை இல்லாத கூழுக்கான அந்த மாவையும் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்தி அனுப்பியபோது, கிலோவுக்கு 18 மில்லிகிராம் நிலக்கடலைப் புரதம் இருப்பதாக முடிவு வந்தது. அதே இயந்திரத்தில் முன்னதாக யாரோ கடலையை அரைத்திருக்கிறார்கள். ஒரு கிண்ணத்துக்கு 30 கிராம் மாவு என்றால், கிண்ணத்துக்கு அரை மில்லிகிராமுக்குச் சற்று அதிகம். ஏழு கிண்ணமும் சேர்ந்தால் ஏறக்குறைய 3.8 மில்லிகிராம். அதாவது, கடலையே இல்லை என்று கருதிக் கொடுக்கப்படும் நாளில் குழந்தை முதல் படிக்கு உரிய அளவைவிட அதிகமாகக் கடலையைத் தின்றிருக்கும். அந்த மாவு முழுவதையும் கொட்டிவிட்டு, தனி மிக்ஸி வாங்கி, அரிசியைக் கழுவிக் காயவைத்துத் தாங்களே அரைக்கத் தொடங்கினார்கள். இப்போது ஒவ்வொரு தொகுதி வெற்று மாவும், மிகச் சிறிய அளவு கடலைப் புரதத்தையும் கண்டறியும் எலைசா என்னும் முறையில் சோதிக்கப்பட்ட பிறகே பயன்பாட்டுக்கு வருகிறது. கடலை இருக்கும் கூழை அளப்பது எவருக்கும் தோன்றும். இல்லாத கூழையும் அளக்க வேண்டும் என்று தோன்றுவதற்குத் தனியான கவனம் வேண்டும்.

சோதனை நாள்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் ஏழு கிண்ணங்களும் கடந்தன. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் இடையே அரை மணி நேரம். கடைசிக் கிண்ணத்துக்குப் பின் இரண்டு மணி நேரம் வீட்டுக்கு அனுப்பவில்லை. செவிலியர் ஒவ்வொரு முறையும், "ஆச்சி, கிண்ணத்துல ஒட்டுனதையும் வழிச்சுக் குடுத்துருங்க" என்று சொல்லி, பின்னர் இரண்டு கரண்டி வெந்நீர் ஊற்றி அலசி அதையும் குடிக்கவைத்தார். அளந்து கலந்தது முழுவதும் வயிற்றுக்குள் போகாவிட்டால் அளந்ததற்கே பொருளில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார். இரண்டாம் நாள் நான்காவது கிண்ணம் முடிந்து பன்னிரண்டாவது நிமிடத்தில் பேத்தி தொண்டையைச் செருமத் தொடங்கினாள், வாயைச் சுற்றித் தடிப்பு, பிறகு வாந்தி. அவளுடைய எடை 18 கிலோ. எடைக்கேற்ப 0.18 மில்லிகிராம் அட்ரினலினை முன்பே ஊசியில் ஏற்றி வைத்திருந்தார்கள். ஒரு நிமிடத்துக்குள் தொடையில் போட்டார்கள். இருபது நிமிடத்தில் என் மடியில் உட்கார்ந்து கதை கேட்டாள். அன்று இரவு முழுவதும் அங்கேயே தங்கவைத்துக் கண்காணித்தார்கள்.

உறையைப் பிரித்தபோது, இரண்டாம் நாள்தான் கடலை நாள் என்று தெரிந்தது. நான்கு கிண்ணங்களும் சேர்த்து 143 மில்லிகிராம் புரதம். சுமாரான ஒரே ஒரு நிலக்கடலைப் பருப்பில் இருக்கும் அளவு. ஒரு பிடிக் கடலைக்கு ஒன்றும் ஆகாதவள் என்று முன்பு எழுதப்பட்ட அதே குழந்தை இவள். இப்போது எங்கள் கையில் இருப்பது, எந்த மாவு, எந்த வறுவல், எத்தனை மில்லிகிராம் என்று எழுதப்பட்ட ஒரு முடிவு. இரண்டு ஆண்டு கழித்து மறுபடி சோதித்தால், அன்றைய எண்ணை இன்றைய எண்ணோடு ஒப்பிட்டு, அவள் தேறி வருகிறாளா என்று பார்க்கலாம். அதுவரை கடலையை முற்றிலும் தவிர்க்க வேண்டும் என்பதிலும், அட்ரினலின் கையோடு இருக்க வேண்டும் என்பதிலும் எந்தச் சலுகையும் இல்லை என்று மருத்துவர் தெளிவாகச் சொன்னார். இதைப் படிக்கும் எவரும் வீட்டுச் சமையலறையில் தராசை வைத்துக்கொண்டு இச்சோதனையைச் செய்து பார்க்கக் கூடாது என்பதை நானும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

குறைகளும் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விடுவது இந்தச் சேவைக்கே நன்மை செய்யாது. முதலாவது, இவர்கள் அளப்பது மொத்தப் புரதம். கடலை ஒவ்வாமையில் பெரும் பங்கு வகிப்பவை அரா எச் 2, அரா எச் 6 போன்ற குறிப்பிட்ட சில புரதங்களே. வறுவலின் பக்குவம் மாறினால், மொத்தப் புரதம் மாறாமலேயே இவற்றின் நிலை மாறக்கூடும். 2020 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பால்ஃபோர்சியா என்னும் கடலை மாவு மருந்துக்கு, ஒவ்வொரு தொகுதியிலும் அரா எச் 1, 2, 6 ஆகியவற்றை அளந்து கட்டுப்படுத்துகிறார்கள். சிகிச்சைக்கு வேண்டிய அந்தக் கவனம் நோயறிதலுக்கும் வேண்டும். செலவு கூடும் என்பது மருத்துவரின் பதில். புதிய மூட்டை வரும்போது மட்டுமாவது ஒருமுறை செய்யலாம் என்பது என் வேண்டுகோள்.

இரண்டாவது, எலைசா முடிவுகளை எழுதும் விதம். 1971-இல் ஸ்வீடனில் எங்வாலும் பெர்ல்மானும் உருவாக்கிய இந்த முறை, எதிர்ப்பொருளைக் கொண்டு புரதத்தைப் பிடித்து, எழும் நிறத்தின் அடர்த்தியால் அளக்கிறது. சில சோதனைப் பெட்டிகள் முடிவைக் கடலையாகத் தரும். சில கடலைப் புரதமாகத் தரும். இரண்டுக்கும் நான்கு மடங்கு வேறுபாடு. எங்களுக்குக் கிடைத்த இரண்டு அறிக்கைகளில் ஒன்றில் கடலை என்றும், மற்றொன்றில் புரதம் என்றும் இருந்தது. மருத்துவர் சரியாகவே கணக்கிட்டிருந்தார். ஆனால் சரிபார்க்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது, வேதியியல் படிக்காத பெற்றோருக்கு அது வெறும் எண். மேலும், சாக்லேட் போன்ற கருநிறப் பொருள்களிலுள்ள பாலிஃபீனால்கள் புரதத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, சோதனைக் கரைசலுக்குள் வரவிடாமல் தடுப்பதுண்டு. கவுனி அரிசியின் கருமையும் அந்த வகைப் பொருள்களால் ஆனதே. ஆகவே ஆக்கிய கவுனிக் கூழில் கடலை இல்லை என்று ஆய்வகம் சொல்லும்போது, தெரிந்த அளவு கடலையை அதே கூழில் கலந்து, அது திரும்பக் கிடைக்கிறதா என்றும் பார்த்திருக்க வேண்டும். அந்த எண் அறிக்கையில் இல்லை.

மூன்றாவது குறை சிறியது, ஆனால் எளிதில் தீர்க்கக்கூடியது. குழந்தை உண்ட கூழில் மாதிரி எடுத்து வைக்கவில்லை. முடிவில் ஐயம் எழுந்தால் திரும்ப அளக்க எதுவும் இல்லை.

இரண்டு நாளுக்கும் ஓர் இரவு தங்கியதற்கும் சேர்த்து ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆயிற்று. ஆய்வகக் கட்டணம் அதில் அடங்கும் என்றார்கள், ஆனால் ரசீதில் தனியாகக் காட்டவில்லை. பதிவு செய்து ஏழு வாரம் காத்திருந்தோம். மதுரைக்கும் சென்னைக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பு பெரிதாகத் தோன்றாது. திருப்பத்தூரிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வந்திருந்த பெற்றோரை அங்கே பார்த்தேன். காத்திருக்கும் அறையில் எந்தத் தின்பண்டமும் அனுமதிக்கப்படுவதில்லை என்பதையும், சோதனைக்கு முன் எத்தனை நாள் அலர்ஜி மாத்திரையை நிறுத்த வேண்டும் என்பதைத் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கிறார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும். ஆய்வறிக்கை மட்டும் ஆங்கிலத்தில் இருக்கிறது.

பேத்திக்கு முந்திரியையும் சோதிக்க வேண்டியிருக்கிறது. தோல் சோதனையில் அதற்கும் தடிப்பு எழுந்தது. இம்முறை குழந்தை உண்ணும் ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் அல்லாமல், அதே கலவையில் கூடுதலாகச் செய்த கூழில் ஐம்பது கிராமை மைனஸ் இருபது டிகிரியில் உறையவைத்து, ஆறு மாதம் வைத்திருப்பதாக மருத்துவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். முந்திரி மாவு ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது; அதன் புரத அளவு வந்த பிறகே எங்களுக்குத் தேதி தருவார்கள்.